கூரையின் மேற்குக் கால்

நெடுங்கரை ஜங்ஷன் கூரையைப் பற்றி ஒரு சங்கதி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் இரண்டு மூன்றாகச் சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் கூரைக்குக் கீழே முதல் பிளாட்பாரத்தில் ஒருவர் தும்மினால், ‘நூறு வயசு’ என்று வாழ்த்துகிற ஆள் அடுத்த வண்டியில்தான் வந்து இறங்குவார். காலை பாசஞ்சருக்கு கார்டு ஊதின விசில், மேலே ஏறி, கூரையை ஒரு வலம் வந்து, ஆற அமரக் கீழே இறங்கும்போது மத்தியான எக்ஸ்பிரஸ் கிளம்புகிற நேரமாகிவிடும். அந்த வண்டிக்குத் தனியாக ஊத வேண்டியதே இல்லை. அங்கே பொரித்த காக்கைக் குஞ்சுகளில் பாதி, வானம் என்றால் இரும்பும் கண்ணாடியும் என்று நினைத்தபடியே வாழ்ந்து முடிந்துபோயின.

இவ்வளவும் பொய் என்றே வைத்துக்கொண்டாலும், கூரை பெரியது. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு வில்கள். ஒன்றன்பின் ஒன்றாக, கிழக்கு ஓரத்தில் கால் ஊன்றி, எல்லாத் தண்டவாளங்களையும் ஒரே தாவலில் தாண்டி, மேற்கு ஓரத்தில் இன்னொரு கால் வைத்து நிற்கும். நடுவில் ஒரு தூண் கிடையாது.

சூசைமாணிக்கம் அந்தக் கூரைக்குக் கீழே தண்டவாளம் பார்த்தவர். கேங் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது அறுபத்தாறு. இப்போது அவர் மாணவர். அவருடைய டீச்சருக்கு முப்பத்தெட்டு.

ஜமீலா டீச்சர் சைக்கிள் கடை மாடியில், தகரம் வேய்ந்த அறையில் மாதிரிக் கட்டடங்கள் செய்கிறவர். வீடோ பள்ளிக்கூடமோ பள்ளிவாசலோ கட்டப்போகிறவர்கள், கட்டுவதற்கு முன்னால் அதை மேஜைமேல் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அவரிடம் வருவார்கள். விருப்பப்பட்டவர்களுக்கு வேலையும் சொல்லிக் கொடுப்பார்.

சொல்லிக் கொடுப்பார் என்பது ஒரு பேச்சுக்கு. அவர் சொல்வதேயில்லை. அங்கே படிக்க வந்த பல் டாக்டர் ஒருவர், “இந்தப் பசை எவ்வளவு நேரத்தில் பிடிக்கும், டீச்சர்?” என்று கேட்டார். டீச்சர் அவருடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து ஒரு சொட்டு விட்டுவிட்டு, டீ போடப் போய்விட்டார். அன்று மாலை கிளினிக்கில் டாக்டர் சின்முத்திரை காட்டியபடியே பல் பிடுங்கினார். வந்த நோயாளிகள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்பேர்ப்பட்ட டீச்சரிடம்தான் சித்திரை மாதம் ஒரு நாள் சூசைமாணிக்கம் மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றார்.

“டீச்சர், ஜங்ஷன் கூரையைச் செய்யணும்.”

“செய்யலாம்.”

“பித்தளைல. நிசக் கண்ணாடி போட்டு.”

“செய்யலாம்.”

“வெரசா முடிக்கணும்.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “அது நம்ம தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் நிக்கி, அண்ணாச்சி. எங்கயும் ஓடிராது. என்ன அவசரம்?”

“கூரை ஓடாது டீச்சர். செசிலியில்லா போறா.”

செசிலி அவருடைய மனைவி. வயது அறுபத்தொன்று. குன்னூரில் அவளுடைய அக்கா ஃபிலோமினா சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருந்தாள். ஈஸ்டர் முடிந்த கையோடு, மீன் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் செசிலி சொன்னாள்:

“நான் குன்னூர் போறேன். அக்காட்ட கேக்கு சுடப் படிக்கப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு வருஷம்.”

சூசைமாணிக்கம் சிரித்தார். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“இந்த வயசுல என்ன படிப்பு?”

“நீங்க அறுபத்தாறுல மக வயசு டீச்சர்ட்ட போயி பசை தடவப் படிக்கீங்க. நான் அறுபத்தொண்ணுல முட்டை அடிக்கப் படிக்கக் கூடாதோ?”

“எனக்குக் காப்பி?”

“அடுப்பு இங்கதான இருக்கு. நான் என்ன அதை இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டா போறேன்?”

சூசைமாணிக்கம் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

காப்பி ஒரு சாக்கு. மகன் மஸ்கட்டில் இருந்தான். வீட்டில் இருந்த சத்தமெல்லாம் செசிலியின் சத்தம்தான். தாளிக்கிற சத்தம், ஜெபம் சொல்கிற சத்தம், கேஸ்காரனிடம் சண்டை போடுகிற சத்தம். அந்தச் சத்தம் இல்லாத ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. கடப்பாரை பிடித்துப் பழகின ஆளுக்கு அந்த மாதிரி வார்த்தைகள் பிடிபடுவதில்லை. கையில் எடுத்தாலும் எந்தப் பக்கம் நுனி, எந்தப் பக்கம் அடி என்று தெரிவதில்லை.

அதனால்தான் இந்த யோசனை.

கல்யாணம் முடிந்து செசிலியை அவர் கூட்டிவந்த அன்று, அவள் ஜங்ஷனில் வண்டியைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முந்தானையை எடுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டாள். அவ்வளவு உயரமான கூரையை அதுவரை அவள் மாதா கோவிலில் மட்டும்தான் பார்த்திருந்தாள். மெதுவாக நடந்து, குரலைத் தாழ்த்தி, “பூசை முடிஞ்சிட்டா?” என்று அவரிடம் கேட்டாள்.

“அந்தக் கூரையைச் செஞ்சு அவ முன்னால வச்சிட்டேன்னா, அவளுக்குப் போக மனசு வராது டீச்சர்,” என்றார் சூசைமாணிக்கம்.

டீச்சர் அலமாரியைத் திறந்தார். ஒரு பித்தளைப் பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

வேலை தொடங்கியது. நூற்றில் ஒரு பங்கு அளவு. சூசைமாணிக்கம் விடிந்தால் வந்துவிடுவார். மரக்கட்டையில் வளைவு வெட்டி, அதன்மேல் பட்டையை அழுத்தி, தட்டித் தட்டி வில்லாக்கினார். குறுக்குக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பெரிய சம்மட்டி பிடித்த கை முதலில் முரண்டு பிடித்தது. பிறகு, மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி, சொன்னபடி கேட்டது. கூரைக்குக் கண்ணாடி வேண்டுமே என்றபோது பல் டாக்டர், ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மெல்லிய கண்ணாடிச் சில்லுகள் ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தார். ரோஜா இதழ்கூட அதைவிடக் கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்கும்.

வில்களை நிறுத்துகிற நாள் வந்தது. கிழக்குக் கால்களை டீச்சர் பலகையில் ஆணி கொடுத்து இறுக்கச் சொன்னார். மேற்குப் பக்கம் வேறு மாதிரி. தையல் ஊசிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு காலுக்கும் கீழே இரண்டு மூன்றாகப் படுக்கவைத்து, அவற்றின்மேல் காலைச் சும்மா வைக்கச் சொன்னார்.

“டீச்சர், மேற்குக் காலெல்லாம் ஆடுதே.”

“ஆமா.”

“ஈயம் வச்சிரட்டுமா?”

“வேண்டாம்.”

“ஏன்?”

டீச்சர் ஒரு டம்ளர் டீயை நீட்டினார்.

சூசைமாணிக்கம் டீயைக் குடித்தார். அடிவரைக்கும் குடித்துப் பார்த்தார். அதில் பதில் இல்லை.

ஆடுகிற எதுவும் அவருக்கு ஆகாது. ஆடுகிற நாற்காலியில் உட்காரமாட்டார். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போய்ப் பிடுங்கிக்கொள்வார். செசிலி முன்னால் கொண்டுபோய் வைக்கப்போகிற கூரை, அவள் சேலை பட்டாலே நகரும் என்றால் அது என்ன கூரை? மத்தியானம் டீச்சர் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில், அவர் பற்றவைக்கிற கம்பியை எடுத்துச் சூடேற்றி, மேற்குக் கால் ஒவ்வொன்றையும் ஊசியோடும் பலகையோடும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். பிறகு கண்ணாடிகளைப் பதித்தார். இரண்டு கையாலும் கூரையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

அசையவில்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

டீச்சர் வந்தார். மேற்குப் பக்கமாகக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திருட்டு மாங்காய் தின்ற ஆள் மாதிரி சூசைமாணிக்கம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

“சன்னல் பக்கம் வைங்க, அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “வெயில் பட்டா கண்ணாடி நல்லா மின்னும்.”

அது அக்கினி நட்சத்திரம். நெடுங்கரையில் அந்தப் பருவத்தில் கோழி நேராக அவித்த முட்டையே இடும் என்பார்கள். தகரத்துக்குக் கீழே அந்த அறை வெந்தது.

மறுநாள் வந்து பார்த்தால் மூன்று கண்ணாடிகளில் விரிசல்.

சூசைமாணிக்கம் முதலில் பல்லியைச் சந்தேகப்பட்டார். பிறகு சன்னலுக்கு வந்து போகிற காக்கையை. பிறகு, டப்பா வாங்கிக் கொடுத்த பல் டாக்டரையே. உடைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்து, கையில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். பல்லி வரவில்லை. காக்கை வரவில்லை. டாக்டர் வந்தார், ஸ்கேலைப் பார்த்ததும் போய்விட்டார். உச்சிப் பொழுதில், யாரும் தொடாமல், அவர் கண்ணெதிரே, ‘டிக்’ என்றது ஒரு கண்ணாடி. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“டீச்சர்!”

“என்ன?”

“யாரும் தொடல. தானா உடையுது. செசிலி சனிக்கிழமை கிளம்புதேங்கா. என் கூரை ஏன் உடையுது?”

டீச்சர் உடைந்த கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வாங்க. சாப்பாடு கட்டிட்டு வாங்க.”

மறுநாள் விடிந்ததும் இருவரும் கடைசிப் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போனார்கள். மேற்குக் கால்கள் அங்கேதான் வந்து இறங்கின. ஒவ்வொரு காலுக்கும் கல்லில் ஒரு மாடம். மாடத்தில் இரும்புத் தகடு. தகட்டின்மேல், பூரிக்கட்டை கனத்தில் இரும்பு உருளைகள் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றின்மேல் கூரையின் கால் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆணி இல்லை, போல்ட் இல்லை. வெற்றிலை எச்சில் கறை மட்டும் இருந்தது.

சூசைமாணிக்கம் குனிந்து பார்த்தார். ஒரு உருளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எத்தனை வருஷம் இந்த வழியா நடந்தீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“சர்வீஸ் பூரா.”

“பார்த்ததில்லையா?”

“அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல டீச்சர். நாங்க தண்டவாளம். இது பாலத்து ஆளுங்க பாக்குறது. குனிஞ்சு பார்த்தோம்னு வைங்க, அந்த வேலையையும் நம்ம தலைல கட்டிருவாங்க. அதனால ரயில்வேல யாரும் அடுத்தவன் சாமானைக் குனிஞ்சு பாக்கமாட்டோம்.”

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டி எடுத்தார். கால் முடிகிற இடத்தை ஒட்டி, தகட்டில் ஒரு கோடு கிழித்தார். எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சூசைமாணிக்கமும் உட்கார்ந்தார்.

“இப்ப என்ன செய்யணும்?”

“பாக்கணும்.”

பார்த்தார்கள். வண்டிகள் வந்தன, போயின. நேரம் ஏறியது. பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

“இதை ஆரம்பத்துலேயே இறுக்கியிருந்தா என்ன, டீச்சர்?”

“இறுக்கினாங்களே. உங்களுக்குத் தெரியாதா?” டீச்சர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார். “முதல்ல கட்டுன காண்டிராக்டருக்கு ஆடுறது எதுவும் பிடிக்காது. ரெண்டு காலையும் முறுக்கி வச்சிட்டான். சித்திரை பிறந்துச்சு. கூரை பூரி மாதிரி உப்பிச்சு. மேல உக்காந்திருந்த காக்கா எல்லாம் வெள்ளை மேகத்துல தலை முட்டி இறங்கி வந்திருச்சு.”

“அப்புறம்?”

“கூரை எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? ஒரு நா மத்தியானம் வெடுக்குன்னு காலைப் பிடுங்கிச்சு. எந்திரிச்சுப் பக்கத்து வயல்ல போயி நின்னுக்கிச்சு. திருச்சி வண்டி ஏற வந்தவங்க எல்லாம் கூரையைத் தேடி வயலுக்குப் போயிட்டாங்க. அந்த வருஷம் நடவு நட்டது பூராவும் திருச்சிக்காரங்கதான்.”

சூசைமாணிக்கம் டீச்சர் முகத்தையே பார்த்தார். அதில் ஒரு சிரிப்பும் இல்லை.

“நிசமாவா?”

“நீங்க கேட்டீங்க, சொன்னேன்.”

ஒரு ரயில்வே போலீஸ்காரர் ரொம்ப நேரமாக அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, கிட்டே வந்தார்.

“காலைலேர்ந்து இங்கயே உக்காந்திருக்கீங்களே. எந்த வண்டி?”

“வண்டி இல்ல சார்,” என்றார் டீச்சர். “நடக்குதான்னு பாக்கோம்.”

“எது?”

“கூரை.”

போலீஸ்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

உச்சிப் பொழுதில் டீச்சர் எழுந்தார். “போய்ப் பாருங்க.”

சூசைமாணிக்கம் மாடத்தின் முன்னால் முழங்காலிட்டார். சாக்குக் கோட்டைக் காணோம். கால் கோட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. ஒரு நெல் நீளம் இருக்கும். அவ்வளவு பெரிய இரும்பு, அவ்வளவு கண்ணாடி, அவ்வளவு காக்கைகள், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு நெல் நீளம் நகர்ந்திருந்தது.

“தண்டவாளம் போடும்போது நடுவுல என்ன விடுவீங்க?” என்று பின்னாலிருந்து டீச்சர் கேட்டார்.

“இடைவெளி.”

“எதுக்கு?”

“வெயிலுக்கு டீச்சர். விடலைன்னா, சூட்டுல இரும்பு நீண்டு...”

அவர் திரும்பி, காலுக்குக் கீழே இருந்த உருளைகளைப் பார்த்தார்.

சாயங்காலம் கடலிலிருந்து காற்று வந்தது. நிழல் நீண்டது. சூசைமாணிக்கம் மறுபடி போய்க் குனிந்தார். கோடு தெரிந்தது. கால், காலையில் நின்ற இடத்துக்கே வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“திரும்பி வந்துட்டு,” என்றார் அவர்.

“ம்,” என்றார் டீச்சர்.

அன்று வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் சூசைமாணிக்கத்தின் முகத்தில் ஒரு களை. டீச்சர் எதைச் சொல்லிக் கொடுத்தார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததோடு நில்லாமல், அதிலிருந்து ஒரு தந்திரமும் கண்டுபிடித்துவிட்டார். இழுத்துப் பிடித்தால் உடையும், சரி. விட்டால் தானே வரும், அதுவும் சரி. ஆகவே, விட்டுவிடுகிற மாதிரி விட்டால், போகவே மாட்டாள்! மீன் பிடிக்கிறவன் தூண்டிலை விட்டுப் பிடிப்பதில்லையா?

வாசலில் கால் வைத்ததும் சொன்னார்: “செசிலி, நீ போயிட்டு வா.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “என்னது?”

“குன்னூருக்குத்தான். போயிட்டு வா. நான் என்ன சின்னப் பிள்ளையா? பார்த்துக்கிடுதேன்.”

“மனசாரச் சொல்லுதீங்களா?”

“மனசாரத்தான்.”

சொல்லிவிட்டு, அவள் ‘உங்களை விட்டுட்டு நான் எங்க போக’ என்று சொல்வதற்காகக் காத்திருந்தார். செசிலியின் கண் பளபளத்தது. அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அந்தப் பெரிய பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கித் தாங்க.”

இறக்கிக் கொடுத்தார். தும்மல் வந்தது. தூசி என்றார்.

பெட்டி போனால் போகட்டும், கூரை இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். மறுநாள் முழுக்க மாடியில் உட்கார்ந்து, மேற்குக் கால் ஒவ்வொன்றிலும் தான் வைத்த ஈயத்தை உருக்கி எடுத்தார். ஊசிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி படுக்கவைத்தார். கால்களை மேலே வைத்தார். புதுக் கண்ணாடி பதித்தார். சன்னலருகே, உச்சி வெயிலில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘டிக்’ வரவில்லை. ஸ்கேல் இல்லாததைப் பார்த்து டாக்டரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை செசிலியைக் கூட்டி வந்தார். அவள் படியேறி வந்து, முதலில் டீச்சரைப் பார்த்தாள்.

“நீங்கதான் எங்க வீட்டுக்காரருக்குப் பாடம் சொல்லுத டீச்சரா? ஒழுங்காப் படிக்காங்களா?”

“கேள்வி ஜாஸ்தி கேக்காங்க,” என்றார் டீச்சர்.

செசிலி கூரைக்கு முன்னால் போய் நின்றாள். பித்தளை வில்கள் மாலை வெயிலில் பொன்னாக இருந்தன. கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம் குட்டிப் பிளாட்பாரங்களில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. சூசைமாணிக்கம் தன் ஆயுளில் அவளை இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்ததில்லை.

“நான் எங்க நின்னேன்?” என்று கேட்டாள்.

அவர் இடுக்கியின் நுனியால் காட்டினார். “இங்க. இந்த ரெண்டு வில்லுக்கு நடுவுல.”

அவள் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, கண் பிளாட்பாரத்தின் மட்டத்துக்கு வரும்வரை குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அண்ணாந்து பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தாள்.

“கூலிக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க,” என்றாள். “ஞாபகம் இருக்கா? முக்காட்டைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. நீங்க என் பெட்டியைத் தலைல தூக்கி வச்சிக்கிட்டு என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“‘நானும் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குக் கோவில்னு நினைச்சு, செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தேன்’னு சொன்னீங்க. சத்தமா, அவங்களுக்கும் கேக்குற மாதிரி. பொய்தானே அது?”

சூசைமாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

“பொய்தான்.”

“தெரியும். அந்தப் பொய்க்காகத்தான் உங்க மூஞ்சிய இத்தனை வருஷம் சகிச்சிக்கிட்டுக் கிடந்தேன்.”

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், வென்றுவிட்டோம் என்று சூசைமாணிக்கம் நினைத்தார். பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற ஏணி வைப்பதா, ஸ்டூல் போதுமா என்றுகூட யோசித்துவிட்டார்.

செசிலி எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கோயம்புத்தூர் வண்டி எந்தப் பிளாட்பாரம்?”

சனிக்கிழமை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சன்னலோர இடத்தில் அவளை உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், இருமல் மருந்து எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் காட்டி மறுபடி உள்ளே வைத்தார். எதிர் சீட்டில் இருந்த அம்மாளிடம், “முதல் தடவை தனியாப் போறா. கொஞ்சம் பார்த்துக்கிடுங்க,” என்றார்.

“நான் அவங்களைப் பார்த்துக்கிடுதேன், நீங்க இறங்குங்க,” என்றாள் செசிலி. வண்டி நகரும்போது சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு கத்தினாள்: “மேல் தட்டுல ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும். உப்பா சர்க்கரையான்னு நக்கிப் பார்த்துப் போடுங்க!”

அவர் சிரித்தார். கையை ஆட்டினார். கடைசிப் பெட்டி கூரையைத் தாண்டி வெயிலுக்குள் போய், புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போகிறவரைக்கும் ஆட்டினார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சைக்கிள் கடைப் பக்கம் நடந்து, ஒவ்வொரு படியாக ஏறி, மாடிக்கு வந்தார்.

டீச்சர் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுவர் தீட்டிக்கொண்டிருந்தார். சூசைமாணிக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கூரைக்கு முன்னால் உட்கார்ந்தார். மத்தியான வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

“டீச்சர்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“போயிட்டா.”

டீச்சர் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டார்.

“நீங்க சொன்னபடி மேற்குக் காலையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். போயிட்டு வான்னு வாயாரச் சொன்னேன். எல்லாம் செஞ்சேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். அவ போகக் கூடாது. அதுக்குத்தான் ஒரு வில்லு பிசகாமச் செஞ்சேன். பார்த்தா, அழுதா. அழுத பிறகும் எப்படி டீச்சர் போனா?”

டீச்சர் எழுந்து வந்தார். அவர் பக்கத்தில் நின்று, பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கண் பிளாட்பாரத்தின் மட்டத்துக்கு வரும்வரை குனிந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வண்டி வர ஒன்று, போக ஒன்று என்று திறந்து கிடந்த இரண்டு வாயையும் பார்த்தார்.

“அண்ணாச்சி,” என்றார், “நீங்க கட்டுனது ஸ்டேஷன்லா.”